நெஞ்சு உயரத்தில் ஓட வேண்டிய பார்டர்

வெள்ளை டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் பார்டர் நெஞ்சு உயரத்தில்தான் ஓட வேண்டும். மேலே ஏற்றினால் சுவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டது போலிருக்கும். கீழே இறக்கினால் பள்ளிக்கூட வராந்தா. நிறம் ஒன்று போதும், அதுவும் அடங்கிய நிறமாக. இதெல்லாம் படித்து வருவதில்லை, கண் இருந்தால் தெரியும். கண்ணிருந்தும் பார்க்கத் தெரியாதவர்கள்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர். நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள் இன்ஸ்பெக்டர், இந்த அறைக்கு ரோஸ் பெயின்ட் அடித்தது உங்களுக்கு முன்னால் இருந்தவராகத்தான் இருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் கனகமணி. டீ ஃபேக்டரி ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். குன்னூரில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செத்துப்போன ஷண்முகப்ரியா என் தம்பி பிரசாத்தின் மனைவி. குளியலறையில் மூச்சு முட்டி இறந்தாள், விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் கான்ஸ்டபிளிடம் அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். கரி போட்ட சட்டியை நடுவில் வைத்துவிட்டு ஜன்னலையும் கதவையும் இறுக்கிச் சாத்துகிறார். மலைக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வருகிற எல்லாரும் இதைத்தான் செய்கிறீர்கள். ஒவ்வொரு பனிக்காலமும் பேப்பரில் வருகிறதே, லாட்ஜ் அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று. நெருப்பு எரிகிற அறைக்குக் காற்று வர ஒரு வழி வேண்டும். இந்த மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ம், இப்போது சரி.

எங்கள் குளியலறைக்கு வருகிறேன். அப்பாவும் அதே ஃபேக்டரியில்தான் கிளார்க். துரை பங்களாவின் குளியலறையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், கட்டினால் அப்படித்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தரையிலிருந்து கூரை வரை வெள்ளை. ஒரு பூ கிடையாது, ஒரு கோடு கிடையாது. மழைக்காலத்தில் கரன்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும் என்பதால் பிற்பாடு உள்ளே கேஸ் கீசர் மாட்டினோம். அதற்கு மேலே, கூரையை ஒட்டி, ஒரு வென்டிலேட்டர் இருந்தது. மாட்ட வந்தவர் அதைக் காட்டி, கீசர் எரியும்போது காற்றுக்கு இதுதான் வழி, எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பனி நாளில் அதன் வழியே வருகிற காற்று முதுகைக் கிழிக்கும். இருந்தாலும் அப்பா இருந்தவரை யாரும் அதில் ஒரு துணியைக்கூடத் தொங்கவிட்டதில்லை.

பிரசாத்துக்கு இது தெரியாது. கீசர் வருவதற்கு முன்பே அவன் காலேஜுக்குக் கோயமுத்தூர் போய்விட்டான். பிறகு அங்கேயே மோட்டார் பம்ப் கடை வைத்தான், அங்கேயே பெண் எடுத்தான். அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. வெந்நீர் வைத்து, சூடு பார்த்து, தலைக்கு வார்த்து அவனை ஆளாக்கியவள் நான். கல்யாணத்துக்கு என்ன அவசரம், இவன் பெரியவன் ஆகட்டும் என்று இருந்தேன். ஆனான்.

ஷண்முகப்ரியா கெட்ட பெண் இல்லை. கெட்டவளாக இருப்பதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும். குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை என்று வீட்டுக்குள்ளேயே மூட்டை மாதிரி திரிவாள். போட்டோ எடுக்கும்போது மட்டும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சிரிப்பாள். போன வருஷம் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு இருவரும் இங்கேயே வந்துவிட்டார்கள். தம்பி வீடு திரும்பிவிட்டான் என்று நான் பாயசம் வைத்தேன். அவள் ஹோம்ஸ்டே நடத்த வந்திருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: “அண்ணி, உங்களுக்கு இந்தக் குளுரு ஒத்துக்கறதில்லீங்க. கோயமுத்தூர்ல எங்கம்மா ஊட்டுப் பக்கத்துல ஒரு ஃப்ளாட்டு பாத்திருக்கறோம். பொங்கல் முடிஞ்சதும் அங்க போயி இருந்துக்குங்க.”

பிறந்ததிலிருந்து இந்தக் குளிரில் இருப்பவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். பிரசாத் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் சின்ன வயதிலிருந்தே சாப்பிடும்போது பேச மாட்டான்.

அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டுக்காக ஆளைக் கொல்கிறவர்கள் வேறு ரகம். அவர்களை நீங்கள் தினமும் பார்ப்பீர்கள்.

முதலில் குளியலறையை மாற்ற வேண்டும் என்றாள். “வெள்ளையா ஆஸ்பத்திரியாட்ட இருக்குதுங்க அண்ணி. வர்றவீங்க போட்டோ எடுக்கறாப்புல எதாச்சும் வேணும்.” மேட்டுப்பாளையத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மூவரும் போனோம். வெள்ளைச் சுவருக்கு நடுவே எடுப்பாக ஒட்டுகிற படம் போட்ட டைல்ஸை அங்கே ஹைலைட்டர் என்கிறார்கள். ரோஜாப்பூ, டால்பின், கூழாங்கல், எல்லாம் இருந்தன. இவள் ஓர் அருவிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். அருவிக்குக் கீழே இரண்டு அன்னங்கள் வேறு.

“அண்ணி, இதப் பாருங்க! தண்ணி நெசமாவே ஊத்தறாப்புல இருக்குது.”

குளிக்கிற இடத்தில் தண்ணீருக்குப் படம் எதற்கு? சமையலறையில் சோற்றுக்குப் படம் மாட்டுவார்களா? கடைக்காரர் அவளைப் புகழ்ந்துகொண்டே இருந்தார். பிரசாத் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய்த் தேடினேன். ஒரு மூலையில் யாரும் எடுக்காமல் தூசி படிந்து ஒரு பார்டர் கிடந்தது. கரும்பச்சையில் மெல்லிய பெரணி இலை, ஒன்றைப் பிடித்து இன்னொன்றாக ஓடுகிற வேலைப்பாடு. புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தேன். அப்பாவின் வெள்ளைக்கு உலகத்தில் ஒரு நிறம் பொருந்தும் என்றால் அது அதுதான்.

அருவியை விட்டு அவளைக் கிளப்புவது பெரிய வேலையாக இல்லை. பெரிய ஓட்டல்களில் இப்படித்தான் வைக்கிறார்கள் என்றேன். ஓட்டல் என்றதும் தலையாட்டினாள். “இதை மேலே, கூரைக்குக் கீழே, நாலு சுவரையும் சுற்றி விட்டால் எடுப்பாக இருக்கும்” என்றேன். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் குளியலறையில் ஸ்டூல் மேல் ஏறி டைல்ஸைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். நான் வாசலில் நின்று காத்திருந்தேன். அவளே கண்டுபிடித்தாள்.

“அண்ணி, அந்த ஓட்டகிட்ட வந்து பார்டரு அறுந்து போவுதுங்களே. காத்து வேற சிலுசிலுன்னு அடிக்குது. அதையும் சேத்து அடச்சுட்டா என்னங்க?”

“அடச்சுக்கோ சாமி. உன்ற இஷ்டம்.”

நான் சொன்னது அவ்வளவுதான். வேலைக்கு வந்த கூடலூர்க்காரர் பெனிஸ் மட்டும் கொஞ்சம் தயங்கினார். “சேச்சி, உள்ள கேஸ் கீசர் உண்டல்லோ, இத அடைக்கணுமா?” என்றார். கீசரை வெளியே மாற்றப் போகிறோம் என்று சொன்னேன். அது பொய். பெனிஸ் சொன்னதை நம்புகிறவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து உங்கள் நேரத்தையும் அவர் நேரத்தையும் வீணாக்காதீர்கள். ஒட்டி முடித்தபோது வென்டிலேட்டர் இருந்த இடமே தெரியவில்லை. நல்ல வேலைக்காரர்.

மற்ற நாளில் ஷண்முகப்ரியா குளிப்பது காக்காய்க் குளியல். வெள்ளிக்கிழமை மட்டும் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுவாள். அன்று கீசரைப் போட்டால் லேசில் நிறுத்த மாட்டாள். இடுப்பைத் தாண்டுகிற முடி. நல்ல முடி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நானே மிளகு போட்டு எண்ணெய் காய்ச்சி, அவளை உட்கார வைத்து உச்சியில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன்.

“எங்கம்மாகூட இப்பிடித் தேச்சு உட்டதில்லீங்க அண்ணி” என்றாள்.

கதவை நன்றாகச் சாத்திக்கொள், காற்று வருகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

பிரசாத்துக்குப் பின்பக்கம் செம்புப் பாய்லரில் வெந்நீர் வைத்திருந்தேன். பார்டர் ஒட்டியதிலிருந்து அவனுக்கு அங்கேதான் வைத்தேன். கீசர் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று காரணம் சொல்லியிருந்தேன். நானும் அங்கேதான் குளித்தேன். அவன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தான். சுடச்சுடத் தோசை போட்டேன். குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஏனுங்க்கா, ப்ரியா இன்னும் வரலீங்களா?”

“வெள்ளிக்கெழமடா. அத்தன முடியையும் அலசோணுமல்ல? நீ சாப்புடு.”

இன்னொரு தோசை போட்டேன். தேங்காய்ச் சட்னி அவனுக்குப் பிடிக்கும் என்று கெட்டியாக அரைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து போய்க் கதவைத் தட்டினான். பிறகு தோளால் இடித்து உடைத்தான். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள், விபத்து என்றீர்கள். வென்டிலேட்டரை யார் அடைக்கச் சொன்னது என்று கேட்டீர்கள். அவளே கேட்டு அடைத்தாள் என்று பிரசாத் சொன்னான், நானும் சொன்னேன். பொய் இல்லையே. பார்டர் ஏன் அங்கே ஓடுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் அத்தோடு விட்டிருப்பேன். காரியத்துக்கு வந்த அவளுடைய அம்மா பாலாமணி குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு, சுவரைத் தடவித் தடவி அழுதாள். “எங்கண்ணு தேடித் தேடி எடுத்த டைல்ஸுங்க இது. எத்தன ரசன பாருங்க எம்புள்ளைக்கு!” வந்த கூட்டமெல்லாம் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டியது. அன்னத்துக்கும் அருவிக்கும் வாயைப் பிளந்தவளுக்கு ரசனை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிரசாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமாங்கத்தை, அவதான் செலக்ட் பண்ணுனா” என்றான். அந்தக் கடையில் அவனும்தான் இருந்தான்.

எல்லாரும் போன பிறகு அவனிடம் சொன்னேன், அந்தப் பார்டர் நான் எடுத்ததுடா என்று. அவன் எழுந்து போய்க் குளியலறைச் சுவரை அண்ணாந்து பார்த்தான்.

“நெஞ்சு ஒசரத்துலதான் வெக்கோணும்னு நீங்கதானுங்க்கா எப்பவும் சொல்லுவீங்க. அப்பறம் ஏன் அத்தன மேல வெச்சீங்க?”

பார்த்தீர்களா? உங்கள் ஸ்டேஷனே கேட்காததை அவன் கேட்டான். நான் வளர்த்த பிள்ளை. அவனிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். வென்டிலேட்டர் அடைபட வேண்டும் என்றுதான் பார்டரை மேலே ஏற்றினேன், அடைத்துவிட்டுக் கீசரை எரித்தால் அவள் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்துதான் எண்ணெய் தேய்த்து அனுப்பினேன் என்று. உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் திட்டவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். போன் பண்ணினால் எடுப்பதில்லை. கோபம் இருக்காதா? கோபம் வந்தால் சின்ன வயதிலும் இப்படித்தான், தானாகத் தணிந்து வந்து நிற்பான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது, இன்ஸ்பெக்டர். தம்பி எந்தப் பஸ்ஸில் வருவான் என்று தெரியாது, நான் போய்ப் பாய்லரை மூட்டி வைக்க வேண்டும்.