தொட்டிக்குள்ளிருந்து வந்த ‘யெஸ்’

அவைத் தலைவர் அவர்களே, பயிற்சிக்கூடத்தைக் கட்டிக் காக்கும் ஆசிரியப் பெருமக்களே, ஊட்டி வளர்த்த கையாலேயே பெட்டியும் கட்டிக் கொடுத்த தாய்மார்களே, கண்ணைத் துடைத்தால் பிள்ளை பார்த்துவிடுமே என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே, விடிந்தால் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறப்போகும் என் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

கடவுச்சீட்டு வாங்கிவிட்டீர்கள்; கம்பளிச் சட்டை வாங்கிவிட்டீர்கள்; கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்றுவிட்டீர்கள். போதுமா? ‘போதும்’ என்கிறது பின்வரிசை. பொறுங்கள் ஐயா, என் தங்கை கணவரின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் அவர் எதற்குமே ஆமாம் போட்டதாகச் சரித்திரம் இல்லை. “நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?” என்று மாமனார் கேட்டால்கூட, “எங்க மாமா!” என்று அலுத்துக்கொள்வார். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும்! அப்பேர்ப்பட்டவர் அந்நிய மண்ணில், ஒரு சோப்புத்தூள் ஆலையில் கால் வைத்ததும் ஆளே மாறிப்போனார். மேலதிகாரி ஓர் அம்மையார். அவர் எதைக் கேட்டாலும் ‘யெஸ் மேடம்’. புரிந்தாலும் யெஸ், புரியாவிட்டாலும் யெஸ். ஏன்? பெரியவர்களைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று வளர்த்தோமே, அந்த வளர்ப்பு! மறுத்துப் பேசினால் மரியாதை இல்லை என்று பழக்கினோமே, அந்தப் பழக்கம்!

ஒருநாள் ஆளுயரக் கலவைத் தொட்டிக்குள் இறங்கி, ஒட்டிய தூளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். காலைச் சுற்றிலும் இரும்புத் தகடுகள். பொத்தானை அழுத்தினால் சுழலும். சுவருக்கு அந்தப் பக்கம், பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு அம்மையார் தம் மொழியில் கேட்கிறார்: “வெளியே வந்துவிட்டாயா?” நம்மவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னாரா? இல்லையே! உரக்கச் சொன்னார்: “யெஸ் மேடம்!”

தாய்மார்களே, என் தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம்.

அந்த விரல் அழுத்தவில்லை. பதில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்ததாம். சந்தேகப்பட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் “யெஸ், யெஸ்!” ஓடிவந்து எட்டிப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏதோ திட்டினாராம். அதற்கும் நம்மவர் “யெஸ் மேடம்!”

நீங்கள் சிரிப்பதுபோல நானும் போனில் சிரித்தேன். “சிரிங்க மச்சான். அந்தம்மா ஒரு தடவை கேட்டதோட விட்டிருந்தா, இந்நேரம் உங்க தங்கச்சிகிட்ட யாரு பேசியிருப்பா?” என்றார்.

எனவே தம்பிகளே, தங்கைகளே! உடையை மாற்றலாம், உணவை மாற்றலாம், உறங்கும் நேரத்தையும் மாற்றலாம். முதலில் இந்த ஒன்றை மாற்றுங்கள்! முகம் சுளித்தால் சுளிக்கட்டும், முறைத்தால் முறைக்கட்டும். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள்!

என்னம்மா, மூன்றாவது வரிசையில்? சத்தமாகக் கேள். “அப்படிச் சொன்னா, வேலை தெரியாதவள்னு திருப்பி அனுப்பிட மாட்டாங்களா அண்ணே?”

அனுப்பலாம் தங்கச்சி. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பி அனுப்பினால் நீ நடந்து வருவாய். யாரும் உன்னைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்காது.

போய் வாருங்கள் பிள்ளைகளே! பொறுமையாகக் கேட்ட பெற்றோருக்கும் பெரியோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்!