நாற்பதுக்கு மேல்

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். இதய நோய்ப் பிரிவில் என்னை வேலைக்கு எடுத்ததே அதனால்தான்.

வேலை எளிது. சிகிச்சையில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை என் மேசைக்கு வருவார்கள். இருபது கேள்விகள். மாடி ஏற முடிகிறதா, மல்லாந்து படுக்க முடிகிறதா, வீட்டாருக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை. கூட்டினால் ஒருவர் எவ்வளவு நன்றாக வாழ்கிறார் என்று தெரிந்துவிடும். நாற்பதுக்குக் கீழே போனால் தாளை அன்றே டாக்டரிடம் கொடுக்க வேண்டும். மேலே இருந்தால் அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிடலாம்.

முதலில் ஒரு லேத் பட்டறைக்காரருக்குத்தான் மதிப்பெண்ணைத் திருத்தினேன். "பத்தடி நடந்தா நின்னு மூச்சு வாங்க வேண்டியிருக்கும்மா" என்றார். வாசலிலிருந்து என் மேசை முப்பதடி. வந்து சேர்ந்தாரா இல்லையா? மூன்று போட்டேன். இன்னும் சிலவற்றையும் ஏற்றினேன். நாற்பத்திரண்டு வந்தது. "பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்றேன். அப்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த மாத்திரை அதைச் செய்யும்?

அதன் பிறகு யாரையும் நாற்பதுக்குக் கீழே விடவில்லை. மதிப்பெண்ணில் எங்கள் பிரிவுதான் முதலிடம் என்று பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அதற்காகச் செய்தேன் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த மாதம் பட்டறைக்காரர் வரவில்லை. அவர் மனைவி வந்து, இனித் தேவைப்படாது என்று அவருடைய ஆஸ்பத்திரி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "தேறிட்டீங்கன்னு நீங்க சொன்னதும், பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாரும்மா." நான் அதை நன்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு என் நாத்தனார். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்துக்கிட்டேதான் கண்ணசர்றேன். டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவள் சுபாவம் எனக்குத் தெரியும். தலைவலி வந்தாலே வீட்டை இரண்டாக்குவாள். "உனக்கு எப்பவும் எல்லாம் பெருசுதான்" என்றேன். கூட்டினால் பதினெட்டு. ஐம்பத்தொன்று ஆக்கினேன். சொந்தக்காரி என்பதால் கொஞ்சம் தாராளம். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அவளுடைய காகிதங்களை வாங்க வந்த என் கணவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார்.

"படுக்க முடியுது, ஒரு சிரமமும் இல்லன்னு இருக்கே. என் தங்கச்சி இப்படியா சொன்னா?"

"அவ சொன்னத அப்படியே எழுதியிருந்தா, பயத்துலயே போயிருப்பா."

 அவர் இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

எண்கள் என்னுடையவை. யாரும் தூண்டவில்லை. மறுபடி அந்த மேசையில் உட்காரவைத்தாலும் அதையேதான் எழுதுவேன். இறந்தவர்கள் ஒன்பது பேர் என்கிறீர்கள். இரண்டு தாள்களைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். பதினொரு பேர். பதினொரு பேருமே நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் இறந்தார்கள். சந்தேகமிருந்தால் கூட்டிப் பாருங்கள்.