வெறும் ஏதனம் குடுக்கிறேல்ல

பிரசாந்தினியை நான் கடைசியா உயிரோட கண்டது தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம், தம்பி. உந்தக் கேற்றடியிலதான். மழை அப்பதான் விட்டிருந்தது. குடையை மடிச்சுக் கக்கத்துக்க வைச்சுக்கொண்டு இறக்கத்தால போனவ. வளைவு மட்டும் பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்குப் பிறகு மதில் மறைச்சிட்டுது.

ஏன், என்ன? உயிரோட எண்டு சொல்லிப்போட்டனோ? வயசு போன வாய். கடைசியாக் கண்டது எண்டு வையுங்கோவன். அவவின்ர புருஷன் நீங்கள், உங்களுக்கு முன்னால நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. இருங்கோ, இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், மற்றதில இருங்கோ.

பிள்ளை அறைக்க நித்திரை. கௌசிகாவுக்கு மத்தியானம் சாப்பிட்டாப் படுக்கோணும், இடையில எழுப்பினா ஊரைக் கூட்டிப்போடும். நீங்கள் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனீங்கள், எனக்கு விளங்குது. பெத்த தகப்பனை ஆர் மறிக்கிறது? தானா எழும்பட்டும். அதோட நீங்கள் மஸ்கற் அல்வா போட்டுக் கொண்டுவந்த சில்வர் ஏதனமும் குசினிக்க கிடக்கு. ஜெயரூபி, என்ர தங்கச்சியின்ர மகள், இப்ப நானும் அவளுமாத்தான் இந்தப் பிள்ளையளைப் பாக்கிறம், அவள் மாத்திப்போட்டுத் தருவாள். வெறும் ஏதனம் இந்த வீட்டில குடுக்கிறேல்ல. வவுனியாப் பக்கமும் அப்பிடித்தானே? ஓம், ஒரு கைப்பிடி சீனியாவது போட்டுத்தான் குடுப்பினம். ஆனா சீனியோட அனுப்ப அவளுக்கு மனம் வராது. ரவை வறுக்கிறாள் போல. கொஞ்சம் செல்லும்.

சத்தம் கேக்கேல்லயோ? இந்த மழைக்க என்ன தம்பி கேக்கும்.

மஸ்கற் நல்ல மஸ்கற். கடையில வாங்கினது எண்டு பாத்த உடன தெரியுது, குறையாச் சொல்லேல்ல. ஆம்பிளை, தனிய, பஸ்ஸில வாறீங்கள். ஏதனம் ஆற்ற? அம்மான்ரயோ? அம்மா வவுனியாவில இருந்து குடுத்து விட்டவவோ? நல்ல பாரம். இப்ப கடையளில இப்பிடிச் சில்வர் வாறேல்ல.

வந்த உடன கேட்டீங்களெல்லே, இவ்வளவு நாளும் பிள்ளையைப் பாத்ததுக்கு என்ன தாறது எண்டு. எல்லாரும் கேக்கிறதுதான். வரியம் முடியேக்க, தீபாவளி கிட்ட வரேக்க, பெருநாள் வரேக்க, தாய்மார் கேற்றடியில நிண்டு குசுகுசுப்பினம். பிள்ளை பாக்கிற மனுசருக்கு என்ன குடுக்கிறது, குறைஞ்சாலும் வெக்கம், கூடினாலும் ஏலாது. என்ர மனுசி அன்னலட்சுமி இருந்த காலத்தில அதுக்கு ஒரு சட்டம் வைச்சிருந்தவ. அவ போய்ச் சேந்திட்டா, சட்டம் நிக்குது.

அந்தச் சட்டம் எப்பிடி வந்தது எண்டு சொல்லுறன், கேளுங்கோ. பிள்ளை எழும்பட்டுமே.

வங்கியில வேலை செய்யிற ஒரு பிள்ளை ஒரு தீபாவளிக்கு மனுசிக்குச் சீலை வாங்கிக் குடுத்திட்டுது. நல்ல மனசுதான். ஆனா மற்றத் தாய்மார் எல்லாரும் நிக்கேக்க குடுத்தது. அடுத்த வரியம் தீபாவளி கிட்ட வர, ஒரு தாய், மீன்வாடியில கருவாடு காயவைக்கிற பிள்ளை, மகளைக் கொண்டுவாறதை நிப்பாட்டிப்போட்டுது. சுகமில்லையாக்கும் எண்டு இருந்தம். மனுசிக்கு மனம் கேக்கேல்ல, தேடிக்கொண்டு போனவ. போய்ப் பாத்தா வீட்டுக் கதவு வெளியால பூட்டு. உள்ளுக்க பிள்ளை. சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அழேல்ல. அழுது முடிஞ்சு போச்சு. சீலைக்கு ஈடா என்னத்தைக் குடுக்கிறது எண்ட வெக்கத்தில பெத்தவ செய்த வேலை.

அண்டைக்குச் சொன்னவ அன்னலட்சுமி, இனி இந்தப் படிக்குக் கடைச் சாமான் ஏறக்கூடாது எண்டு. வீட்டில அவிச்சது, பொரிச்சது, இல்லாட்டிக் கையால ஒரு வேலை. அவ்வளவுதான். பிறகு வந்ததெல்லாம் அப்பிடித்தான். ஒருத்தி முருங்கையிலை ஆய்ஞ்சு கொண்டுவருவா. ஒருத்தி பிள்ளையின்ர கையை மஞ்சளில தோய்ச்சுக் காட்போட்டில பதிச்சுக் கொண்டுவந்தவ, அது இப்பவும் அலுமாரிக் கதவில ஒட்டிக் கிடக்கு. மஹ்ரூப் எண்டு ஓட்டோ ஓடுற பெடியன், பின் ஒழுங்கையில வீடு, அவன்ர மகளும் இஞ்ச வளந்ததுதான். ஒரு பெருநாளுக்கு வந்து நிண்டு, மாமி ஏறுங்கோ எண்டான். எங்கயடா எண்டா, உங்கட கோணேசரிட்ட. கொண்டுபோய் விட்டு, கோயில் வாசலில காத்து நிண்டு, திருப்பிக் கொண்டுவந்து இறக்கினவன். மனுசி கேட்டவ, ஏனடா, நீ உள்ளுக்க வந்தாக் கோணேசர் கடிப்பாரோ எண்டு. கடிக்கமாட்டார் மாமி, ஆனா உங்களை மாதிரி ஏதும் வேலை சொல்லுவார் எண்டான். மனுசியின்ர செத்த வீட்டிலயும் அதைச் சொல்லிச் சிரிச்சு அழுதவன்.

ஓம், அது அவன்ர ஓட்டோதான். சரியாச் சொன்னீங்கள், காது நல்ல காது. பின் ஒழுங்கையால நெடுகப் போறவன். ஆரும் கூப்பிட்டிருப்பினம்.

இண்டைக்குப் போயா லீவு எண்டபடியால்தான் வீடு இப்பிடி. மற்றப் பிள்ளையள் நாளைக்குத்தான் வருங்கள். அவை நிண்டா இப்பிடி ஆறுதலா இருந்து கதைக்க ஏலுமே.

பிரசாந்தினியும் தீபாவளிக்குக் குடுத்தவ. வெறுங்கையோட வந்து குடுத்தவ. உப்புவெளியில ஹோட்டலில துணி தோய்க்கிற வேலை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. லீவு எடுத்துக்கொண்டு முதல்நாள் மத்தியானம் வந்து, மாமா, வாங்கித்தர எனக்கு வழியில்லை, ஊசி நூல் இருந்தாத் தாங்கோ எண்டா. பொழுதுபடும் மட்டும் இருந்து, பிள்ளையளின்ர தலகாணி உறை ஒண்டும் விடாமல் தைச்சுத் தந்தவ. நீங்கள் இப்ப இருக்கிற கதிரையிலதான். நல்ல புழுக்கம் அண்டைக்கு, எண்டாலும் முழுக் கைச் சட்டை. நூலை இழுக்கேக்க கை மேல போச்சு, மணிக்கட்டில நீலமா ஒரு கண்டல் தெரிஞ்சுது. என்ன பிள்ளை இது எண்டன். மெஷின் இடிச்சது மாமா எண்டா. விரல் விரலா இடிக்கிற மெஷின்.

நீங்கள் ஆடிக்குப் பிறகு அவவைக் காணேல்ல எண்டீங்கள். ஓம், சொன்னீங்கள். திருகோணமலைக்கு வந்தது இண்டைக்குத்தான் எண்டும் சொன்னீங்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.

அண்டைக்குக் கௌசிகாவுக்குக் காய்ச்சல். மழைக்க கொண்டுபோக வேண்டாம், கிடக்கட்டும் எண்டனான். அவவும் யோசிச்சுப்போட்டு, சரி மாமா, விடிய வந்து நானே எண்ணெய் வைச்சு முழுகவாக்கிறன் எண்டா. போகேக்க கேற்றில கையை வைச்சுக்கொண்டு ஒண்டு கேட்டவ. நான் இல்லாமல் ஆர் வந்து கேட்டாலும் இவளைக் குடுக்காதேங்கோ மாமா எண்டு. ஆர் வருவினம் எண்டு நான் கேக்கேல்ல. சரி பிள்ளை எண்டன். அவ எனக்குப் பின்னேரம் முழுக்கத் தைச்சுத் தந்தவ, நான் அவவுக்குத் திருப்பிக் குடுத்தது அந்தச் சொல்லும், ஒரு ஏதனம் நிறையப் பயத்தம்பணியாரமும்.

விடிய இவள் படியில வந்து, தலையை விரிச்சுப்போட்டு இருந்தாள். எண்ணெய் வைக்க அம்மா வருவா எண்டு. பக்கத்து வீடுகளில வெடி சுடுற சத்தம். மத்தியானம் மட்டும் இருந்தாள். ஜெயரூபி வைக்கப் போனா விடேல்ல.

வெளிநாட்டுக்குப் போயிருப்பா எண்டு சொல்லுறீங்கள். போயிருக்கலாம். பொலிசில சொல்லி, அவை வந்து அவ வாடகைக்கு இருந்த அறையைத் திறக்கேக்க நானும் போனனான். உடுப்பு எல்லாம் கொடியில. கௌசிகாவுக்கு வாங்கின புதுச் சட்டை, விலை ஒட்டினபடி. நான் தேடினது என்ர ஏதனத்தை. அது இல்லை. அப்ப விளங்கிச்சுது, அவ அறைக்குப் போய்ச் சேரேல்ல எண்டு. இறக்கத்துக்கும் அந்த அறைக்கும் இடையில எங்கயோ, கையில ஏதனத்தோட நிண்டுபோனா.

உங்களுக்கு ஏன் வேர்க்குது? ஃபேன் போடட்டோ?

என்ர மனுசியில ஒரு பழக்கம், தம்பி. எங்கட ஏதனங்கள் கோயில் அன்னதானம், கலியாண வீடு, செத்த வீடு எண்டு எல்லா இடமும் போய்வரும். மாறுப்படக் கூடாது எண்டு ஒவ்வொண்டுக்கும் அடியில நகத்துக்குப் பூசுற சிவப்புக் கியூடெக்ஸால ஒரு பொட்டு வைப்பா. எங்க தேய்ச்சாலும் போகாது. கண் தெரியாதவனுக்கும் விரல் வைச்சாத் தெரியும். நீங்கள் கேற்றடியில மஸ்கற்றை நீட்டேக்க நான் ரெண்டு கையாலயும் அடியில பிடிச்சுத்தானே வாங்கினனான்.

இல்லை, உங்கட அம்மா கியூடெக்ஸ் பூசமாட்டா எண்டு நான் எங்க சொன்னன்? பூசலாம். ஆனா அன்னலட்சுமி ஒரு பொட்டு வைச்சுப் பிடிக்காமல், பக்கத்தில அரைகுறையா இன்னொண்டும் வைச்ச ஏதனம் ஒண்டே ஒண்டுதான். அதைத்தான் நான் அண்டைக்குப் பிரசாந்தினியின்ர கையில குடுத்தனான். அவவின்ர ஏதனம் எண்டு நினைச்சு வைச்சிருந்திருப்பீங்கள். பிள்ளை பாக்கிற வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது எண்டு ஆரோ நல்லாச் சொல்லி வளத்திருக்கினம்.

எங்க எழும்புறீங்கள்? நான் கிழவன், உங்களைப் பிடிச்சு வைக்க எனக்கு ஏலாது. கதைக்கத்தான் ஏலும். நீங்கள் வந்து இருந்ததில இருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறன். ஏதனத்தை அடி தெரியக் கொஞ்சம் சரிச்சுத்தான் ஜெயரூபியின்ர கையில குடுத்தனான். கண்டிட்டாள். உடன உள்ளுக்க போனாள். கெட்டிக்காரி, பின்கதவடிக்குச் செருப்பையும் கையில எடுத்துக்கொண்டு போனவள்.

இறக்கத்தில ஏறுறது பொலிஸ் ஜீப்தான். நேவி ஜீப் எண்டா எங்கட கேற்றில நிப்பாட்டாது.

என்னைத் தள்ளத் தேவையில்லை, தம்பி. பிரசாந்தினியை எங்க விட்டனீங்கள் எண்டு அவை கேப்பினம், அவையிட்டச் சொல்லுங்கோ. அறைக் கதவு பூட்டேல்ல, சும்மா சாத்தித்தான் கிடக்கு. போய்ப் பாக்கோணுமெண்டாப் பாருங்கோ. உள்ளுக்க பிள்ளை இல்லை. பாய் மட்டும் விரிச்சபடி கிடக்கு.