சிங்காரவேலு அண்ணன் கடையில் பாதியில் நின்ற பில்டு

தலைமை ஏற்றுத் தண்மையோடு வீற்றிருக்கும் கமலவேணி அம்மையார் அவர்களே! வாயார வரவேற்ற மரியசுந்தரம் ஐயா அவர்களே! வில்லியனூர் வீதிகளிலிருந்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! உலையை இறக்கிவைத்து ஓடோடி வந்த அன்னையர்களே! மைக் செட்டுக்குப் பக்கத்தில் மொபைலில் மூழ்கியிருக்கும் இளைஞர்களே! ஒதியம்பட்டு கிறிஸ்டினாவின் பணிவான வணக்கம்.

சாதனையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சறுக்கியதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

போன வருட வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? ஆற்றோரக் குடியிருப்பில் கரண்டு போனது. கரண்டோடு டவர் போனது. அங்கன்வாடி விஜயகுமாரி அக்கா என்ன செய்தார்? மருமகளுக்குப் பிரசவ வலி. கையில் மொபைல் இருக்கிறது, சிக்னல் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து ஆள் கூட்டிப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த மழையிலும் பிழைப்பார்கள் என்று யார் எழுதிக் கொடுத்தது?

அதனால்தான் எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் ஒரு ஆசை. பேட்டரியில் ஓடும் சிறு ஆன்டெனா ஒன்று, அதன் பின்னால் நமக்கே நமக்கான ஒரு கோர். கோர் என்றால் என்ன? கல்யாண மண்டப வாசலில் ஒருவர் நிற்பாரே, "நீங்க யாரு வூட்டுக்காரங்க?" என்று கேட்டு உள்ளே அனுப்புவாரே, அந்த வேலைதான். இந்த சிம் யாருடையது, யாரோடு பேச வேண்டும் என்று பார்த்து இணைத்துவிடும் மென்பொருள். டவர் செத்தாலும் ஊருக்குள் பேசிக்கொள்ளலாம்.

அதன் மூல நிரலை முகம் தெரியாத மனிதர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தயாராகக் கிடைத்த கோப்பு எங்கள் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓட மறுத்தது. சரி, மூல நிரலிலிருந்து நாங்களே கட்டுவோம் என்று இறங்கினோம். அதற்குப் பெயர் பில்டு. துணை மென்பொருள்களையும் சேர்த்து அந்தக் கிழட்டு மெஷினில் ஐந்து மணி நேரம் ஆகும். இடம் கொடுத்தவர் யார்? கடைத்தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் சிங்காரவேலு அண்ணன். பின்னறையைத் திறந்துவிட்டு, ஃபேனும் போட்டுக் கொடுத்தார்.

அலைவரிசைக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகம் ஒரே ஒரு நாள் சோதனைக்கு அனுமதி தந்தது. சோதனையைப் பார்க்க அதிகாரி நாலு மணிக்கு வருவார். காலை ஒன்பதுக்கு பில்டைத் தொடங்கினேன். அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எழுத்தா ஓடிக்கினே கீது?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுண்ணே." சொல்லிவிட்டு, ஆன்டெனா கட்ட ஆற்றோரம் போய்விட்டேன்.

ஒரு மணிக்கு நம்ம ஊர்க் கடைகளில் என்ன நடக்கும்? சிரிக்கிறீர்கள்! ஷட்டர் இறங்கும், சாப்பாடு, தூக்கம், நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பு. அண்ணன் கடை ஒயரிங் பழசு. முப்பது வருடமாக மெயினை அணைக்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. அன்றைக்கும் அணைத்தார். யு.பி.எஸ். இல்லையா என்கிறார் அந்த அண்ணாச்சி. இருந்தது ஐயா, ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தாங்காத யு.பி.எஸ்.!

இரண்டரைக்கு வந்து பார்க்கிறேன், கடை இருட்டு. போன் போட்டேன், பனியனோடு ஓடி வந்து திறந்தார். டீக்கடை வாசலில் நாலு பேர் பார்க்க, "படிக்காதவங்கள நம்பினா இப்படித்தான்!" என்று கத்தினேன். அந்த மனிதர் ஓடிப்போய் மெயினைப் போட்டார்.

பில்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஆனால் கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஒரு கோப்பு பாதியிலேயே கெட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்து அழித்து மறுபடி கட்டி முடிக்கையில் நாலரை. அதிகாரி கிளம்பிவிட்டார். விஜயகுமாரி அக்கா சோதனை மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

யோசித்துப் பார்க்கிறேன். தவறு யாருடையது? மெயினை அணைத்த கையா? விளக்கம் கேட்டவரை விரட்டிய வாயா? "சாயங்காலம் வரை அணைக்காதீங்கண்ணே, பாதியில் நின்றால் கெட்டுப்போகும்." ஒரே ஒரு வாக்கியம்! அதைச் சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? ஊர் பேர் தெரியாதவர்கள் ஆண்டுக்கணக்காக உழைத்ததை எனக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அதை வாங்கிய நான், அறை கொடுத்தவருக்கு அரை நிமிடம் கொடுக்கவில்லை. திறந்த மென்பொருள் என்று மேடைக்கு மேடை முழங்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

சிங்காரவேலு அண்ணே, நாலாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். குனிய வேண்டியவள் நான். நாலு பேர் முன்னால் உங்களைத் திட்டினேன். நானூறு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். வருகிற வியாழக்கிழமை மறுபடி அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்கப்புறம் மழை. இடம் கேட்க இரண்டு முறை உங்கள் கடை வரை வந்துவிட்டு, கூச்சத்தில் திரும்பிப் போனேன். இங்கேயே கேட்கிறேன், தருவீர்களா?

எழுந்துவிட்டார். மைக்கை அவரிடம் கொடுங்கள் தம்பி.

"எதுக்கும்மா இத்தினி பேச்சு? வியாழக்கெழம வா. ஆனா ஒண்ணு, இந்த வாட்டி எம்பக்கத்துல ஒரு ஸ்டூல போட்டுக்கினு, அது இன்னா பண்ணுதுன்னு என்னாண்ட சொல்லிக்கினே செய்யி."

சொல்கிறேன் அண்ணே. முதல் வரியிலிருந்து சொல்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!