பஸ் சாய்ந்த பக்கம்

இதைப் படிக்கத் தொடங்கும் முன் உங்கள் அறையில் சுற்றுகிற மின்விசிறியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் அரிவாள் மாதிரி வளைந்து தெரியும். விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம். கேமராவுக்குள் இருக்கும் சென்சார் ஒரு காட்சியை மொத்தமாக ஒரே வாயில் விழுங்குவதில்லை. மேல் வரியில் ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு கீழே வருகிறது. அது கீழே வந்து சேர்வதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி.

விளையாட்டுக் கழகத்தின் விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேரும் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டீர்கள். தேநீர் கொடுத்தீர்கள், சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டீர்கள். வாயால் சொன்னதை எழுத்திலும் தரச் சொன்னதால் ஒன்றுவிடாமல் தருகிறேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது.

நான் ஸ்டுடியோ வைத்திருக்கும் புகைப்படக்காரன். நம் மைதானத்துக்குப் பந்தய முடிவைப் படமெடுக்கும் தனி இயந்திரம் வாங்க வசதி இல்லாததால், எட்டு வருடமாக முடிவுக் கோட்டின் ஓரம் உயரமான ஸ்டாண்டில் என் மிரர்லெஸ் கேமராவை மாட்டி நான்தான் எடுத்துவந்தேன். நடுவர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் என் படம்தான் தீர்ப்பு. சம்பளம் கிடையாது. என் மகள் ஓடுகிறாளே, அந்த ஆசைதான்.

அவளைக் கோச் முதல் கோலிச் சோடாக் கடைக்காரர் வரை எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பல் தேய்த்துக்கொண்டே வீட்டை மூன்று சுற்று வருவாள். என் கேமராவில் முகங்களைப் பதிந்து வைக்கலாம். முதலில் பதிந்த முகம் கூட்டத்தில் எந்த மூலையில் இருந்தாலும், ஃபோகஸ் தானாகப் போய் அதன் கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். முதல் முகம் அவளுடையது. இரண்டாவதாக யாரையும் பதியவில்லை.

கழகத்தில் வருடத்துக்கு ஒரு தேர்வுப் பந்தயம், நூறு மீட்டர். முதலில் வருகிறவளுக்கு மட்டும் வெளியூர்ப் பயிற்சி விடுதியில் இடம். அங்கே போனால் ஐந்து வருடம் அங்கேயேதான். பதினாறிலிருந்து பதினெட்டு வயது வரைக்கும் போட்டியிடலாம், ஆக அவளுக்கு மூன்று வாய்ப்புகள். அவள் பிறந்ததிலிருந்து அதற்காகத்தான் ஓடினாள் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம்.

முதல் வருடம் நடந்தது சத்தியமாகத் தற்செயல். பம்பரத்துக்கு எட்டாவது லேன், என் ஸ்டாண்டிலிருந்து தூரத்து ஓரம். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுக்கு இரண்டாவது லேன், எனக்குக் கிட்டத்து ஓரம். கோட்டுக்கு நேராக நின்று என் கண்ணால் பார்த்தேன், என் மகள்தான் முந்தினாள். நடுவர்களில் ஒருவர் அவள் என்றார், ஒருவர் நெட்டை என்றார். மடிக்கணினியில் படத்தைத் திறந்தேன். நெட்டை அரைச் சாண் முன்னால் இருந்தாள்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என் கேமராவின் சென்சார் மேலிருந்து கீழே வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். தூரத்து லேன் படத்தின் மேல்பக்கம், அதை முதலில் படித்துவிடும். கிட்டத்து லேன் கீழ்ப்பக்கம், அதைக் கடைசியில் படிக்கும். அதற்குள் கிட்டத்து லேன்காரி ஒரு சாண் தூரம் ஓடிவிடுவாள். அந்த ஒரு சாண் அவள் ஓடியதில்லை, என் கேமரா கொடுத்தது. மூடி திறந்து மூடாமல் சென்சாரே படித்துக்கொள்ளும் சத்தமில்லாத ஷட்டரை நான் போட்டிருந்ததால் வந்த வினை.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கோச் நெட்டையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், குறுக்கே புகுந்து சென்சார் பாடம் நடத்துவது நாகரிகமாகப் படவில்லை. வீட்டுக்குப் போகும்போது பம்பரம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு வழியெல்லாம் அழுதாள். ஐந்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது. நேராக வீட்டுக்குப் போகாமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

அதன்பிறகு ஒரு வருடம் எங்களுடன் இருந்தாள். போயிருக்க வேண்டியவள் இருந்தாள். காலையில் அவள் தோசைக்கரண்டியைத் தட்டித் தாளம் போடுவதும், குளியலறையில் பாடுவதும், என் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதும், எல்லாம் எனக்கு இனாமாகக் கிடைத்த மாதிரி இருந்தது. அந்த வருடம் நான் இரண்டு கிலோ ஏறினேன்.

இரண்டாம் வருடம் லேன் சீட்டு போட்டதில் பம்பரத்துக்கு இரண்டு, பேக்கரிக்காரர் மகளுக்கு ஏழு. இப்போது கிட்டத்து ஓரம் என் மகள். கேமராவை வழக்கம்போல மாட்டினால் லாபம் அவளுக்கு. ஆகவே கிளாம்பைத் திருப்பிக் கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அப்படித் தொங்கவிட்டால் சென்சார் கிட்டத்து லேனை முதலில் படிக்கும், தூரத்து லேனைக் கடைசியில் படிக்கும். ஒரு சாண் லாபம் பேக்கரிக்காரர் மகளுக்குப் போய்விடும். படத்தைக் கணினியில் நேராகத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏன் இப்படித் தொங்குகிறது என்று கோச் கேட்டார். கீழே நின்று திரையைப் பார்க்க வசதி என்றேன். நல்ல யோசனை சார் என்று முதுகில் தட்டினார்.

பம்பரம் ஆறு விரற்கடை முன்னால் வந்தாள். படத்தில் அதே அளவு பின்னால் இருந்தாள். இதில் நான் ஒரு புள்ளியைக்கூட அழிக்கவில்லை, ஒட்டவில்லை. படம் நிஜமான படம். நீங்கள் என்னைப் பித்தலாட்டக்காரன் என்று எழுதும்போது இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

உங்களில் நடுவில் உட்கார்ந்திருந்தவர் அன்று மேடையேறி, பெற்ற மகளுக்கே எதிராகப் படம் காட்டியவர் என்று எனக்குச் சால்வை போட்டார். ஞாபகப்படுத்துவதற்கு மன்னிக்கவும். நல்ல சால்வை.

அன்று பம்பரம் அழவில்லை. பைக்கில் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தாள். வீட்டு வாசலில் இறங்கி ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

“அடுத்த தடவை போட்டோவே தேவைப்படாத மாதிரி ஜெயிக்கிறேன்ப்பா.”

எனக்கு அது கொஞ்சம் கவலையாக இருந்தது. ஒரு சாணுக்குள் என்றால் என் கையில் இருந்தது. ஒரு கை தூரம் என்றால் எந்தக் கேமராவும் ஒன்றும் செய்ய முடியாது.

மறுநாளிலிருந்து பயிற்சியை இரட்டிப்பாக்கினாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஓடினாள். சோம்பேறி, கடைசி அடியில் கோட்டை விடுகிறவள், இன்னும் என்னென்னவோ. நான் வழக்கம்போல நேருக்கு நேர் நின்று படமெடுத்தேன். ஒரு நொடிக்குப் பத்துப் படம், பத்திலும் கண் பளிச்சென்று இருக்கும். அப்படிப் பார்த்ததில்தான் வலது கால் ஊன்றும்போதெல்லாம் அவள் கண் சுருங்குவதைக் கவனித்தேன். வேறு யாரும் கவனித்திருக்க முடியாது. அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான் வந்து போகும்.

கேட்டேன். குதிகாலுக்கு மேல் நரம்பு வலிக்கிறது என்றாள்.

“அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. கோச்கிட்டயும் வேணாம். ரெஸ்ட் எடுன்னு சொல்லிடுவாங்க. இதான் கடைசி வருஷம்.”

சரி என்றேன். கொடுத்த வாக்கை மீறுவது என் குணத்திலேயே கிடையாது. வலிக்கு அடிக்கும் ஸ்பிரே ஒன்று வாங்கிக் கொடுத்தேன், வாரம் தவறாமல் புதிது வாங்கினேன். ஆறு வாரம் ஓய்வு கொடுத்திருந்தால் தானே ஆறியிருக்கும் என்று பிற்பாடு எலும்பு டாக்டர் சொன்னார். அந்த ஆறு வாரம் என்ற கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். வலி இருந்தால் கொஞ்சம் மெதுவாக ஓடுவாள், பந்தயம் மறுபடி ஒரு சாணுக்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.

பந்தய நாளில் லேன் பார்த்துக் கேமராவை எந்தப் பக்கம் மாட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் மாட்டினேன். தேவைப்படவில்லை. எண்பது மீட்டரில் என் மகள் மற்றவர்களைவிட ஒரு ஆள் நீளம் முன்னால் இருந்தாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பெருமையாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் பத்து அடி இருக்கும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி வலது கால் மடங்கியது. தசைநார் அறுந்த சத்தம் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. கேமரா நிற்கவில்லை, முப்பத்தொரு படங்கள் எடுத்தது. விழுந்து, புரண்டு, முகத்தை மூடும் வரைக்கும் ஒவ்வொன்றிலும் ஃபோகஸ் அவள் கண்ணில்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு வீட்டுக்கு வந்தாள். இனி நடக்கலாம், ஓடக் கூடாது என்றார்கள். படுத்த படுக்கையாக இருப்பவளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று மூன்று வருடப் படங்களும் இருந்த டிஸ்க்கைக் கொடுத்தேன். அதில்தான் நான் சறுக்கினேன். புகைப்படக்காரன் மகளிடம் படத்தைக் கொடுத்தால் அவள் மற்றவர்கள் மாதிரி முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மைதானத்து வேலிக்கு வெளியே ஒருவழிச் சாலை இருக்கிறது. படங்களின் மேல் ஓரத்தில் எப்போதும் ஏதாவது பஸ் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். நான் ஒருநாள் காலை காப்பி கொண்டுபோனபோது இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தாள்.

“அப்பா, முதல் வருஷம் பஸ் பின்பக்கமா சாயுது. அடுத்த வருஷம் முன்பக்கமா சாயுது. வேலிக் கம்பம் ரெண்டுலயும் நேராத்தான் நிக்குது.”

சென்சார் மெதுவாகப் படிப்பதால் வருவது என்று விளக்கினேன்.

“அது தெரியும். சாயுற பக்கம் ஏன் மாறுச்சு?”

நான் காப்பியை ஆற்றினேன். அவள் படத்தைப் பெரிதாக்கினாள். தன்னையும் பேக்கரிக்காரர் மகளையும் விரலால் தொட்டு அளந்தாள். பிறகு ஸ்டுடியோ அலமாரியில் இருக்கும் புதுக் கேமராவை எப்போது வாங்கினேன் என்று கேட்டாள். அது மொத்தச் சென்சாரையும் கண்மூடித் திறப்பதற்குள் படித்துவிடும், அதில் எந்தப் பஸ்ஸும் சாயாது. இரண்டாம் பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்னால் என்றேன். பொய் சொல்லவில்லை. கல்யாண வீடுகளுக்கு அதைத்தான் கொண்டுபோனேன், மைதானத்துக்குப் பழையதை.

அறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“ஒரு வருஷமா அவ தன்னைத்தானே திட்டிக்கிட்டு ஓடினாளே. அதைக் கேட்டுக்கிட்டேதான் நின்னீங்களாங்க?”

ஆமாம், கேட்டுக்கொண்டுதான் நின்றேன். மத்தியானத்துக்குள் மச்சான் காரோடு வந்துவிட்டார். பம்பரத்தைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களுக்குப் புகார் எழுதியதும் அவள்தான் என்று நினைக்கிறேன், எழுத்துப் பிழையே இல்லை.

ஆக, கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில். முதல் வருடம் தெரிந்தும் மறைத்தேன். இரண்டாம் வருடம் திட்டமிட்டு அவளைத் தோற்கடித்தேன். மூன்றாம் வருடம் அவள் கால் போய்க்கொண்டிருந்தது தெரிந்தும் ஓடவிட்டேன். மூன்றையும் செய்தது நான் ஒருவன்தான், கோச்சுக்குச் சம்பந்தமில்லை. நெட்டையையும் பேக்கரிக்காரர் மகளையும் விடுதியிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள், அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள். சால்வையைக் கழகத்தில் ஒப்படைத்துவிடுகிறேன். துவைத்து வைத்திருக்கிறேன்.

நான் வருத்தப்படுகிறேனா என்று கடைசியாகக் கேட்டீர்கள். என் மகள் வெளியூர் போய்விடுவாள் என்று பயந்தேன், அவள் போகவில்லை. மச்சான் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். என் ஸ்டுடியோ மொட்டைமாடியில் நின்றால் அவள் அறை ஜன்னல் நன்றாகத் தெரிகிறது. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு அங்கேதான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு தூரத்திலும் ஃபோகஸ் தவறாமல் போய் அவள் கண்ணில் உட்கார்ந்துகொள்கிறது. புதுக் கேமராவை நான் வெளியே எடுப்பதே இல்லை. அசையாமல் இருப்பவளைப் பழையதே துளிகூடக் கோணாமல் எடுத்துவிடுகிறது.