ஸ்வெட்டரின் வலது கை

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ். கொளுத்துகிற வெயிலில் முன் சீட்டு அம்மாள் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பார்த்த எனக்கே வியர்த்தது.

“இடது கை நான் நிம்மதியா இருந்தப்ப போட்டது, வலது கை பயத்துல போட்டது,” என்றார் பக்கத்துப் பெண்ணிடம்.

“யாருக்குங்க?”

“கனடாவுல இருக்க பையனுக்கு. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து போனை எடுக்கல. என் விரல் தானா நூலை இறுக்கிடுது. அதே கணக்குலதான் பின்றேன், வலது கை குட்டையா வருது.”

“பிரிச்சுட்டுப் போடுங்களேன்.”

“பிரிச்சுப் போட்டதுதாங்க இது. முன்னதை விட இன்னும் குட்டை.”

காவிரிப் பாலத்தில் அவர் போன் அடித்தது. பதறியதில் ஊசி கீழே விழுந்தது. பேசிவிட்டு வைத்தார்.

“பையனா?”

“அவங்க அப்பா. உனக்காவது போன் பண்ணானான்னு கேக்குறாரு.”