சீட்டில் விழுந்த அணி

“ஏட்டி, போட்டியில மட்டுமில்ல, எங்கப்பாகிட்டயும் ஜெயிச்சுத் தொலச்சிட்டேன்!”

ஆழ்வார்குறிச்சி பேருந்தில் முன் இருக்கையிலிருந்து இந்த வரி வந்ததும் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். சொன்னவள் பள்ளிச் சீருடையில், மடியில் விவாதப் போட்டிக் கோப்பையோடு இருந்தாள். பக்கத்தில் அவளிடம் தோற்ற தோழி.

“ஜெயிச்சா நல்லதுதானட்டி?”

“எங்கன நல்லது? சீட்டு எடுத்ததுல ‘பொம்பளப் பிள்ளைகள் வெளியூர்ல தங்கிப் படிக்க வேண்டாம்’ங்கிற அணி எனக்கு விழுந்துச்சுல்லா? ஒரு வாரமா அப்பா முன்னால நின்னு பேசிப் பழகுனேன். நேத்து, ‘நீ சொல்லுததுதான் சரி, கோயம்புத்தூர் காலேஜ் வேண்டாம்’னுட்டாங்க.”

தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கோப்பையும் உனக்கு, ஆப்பும் உனக்கா?”

“சிரிக்காதட்டி. விண்ணப்பம் போட நாளைக்குக் கடைசி நாள். அவங்க கையெழுத்து வேணும்.”

தோழி சட்டென்று பையைத் துழாவி நான்கு தாள்களை எடுத்தாள். “இந்தா, எதிரணிப் பேச்சு.”

கோப்பைக்காரி வேகமாகப் படித்தாள். “ரெண்டாவது பாயிண்ட் சொத்தைட்டி. இதுலதான் உன்ன மடக்குனேன். நான் திருத்துதேன், பேனாவக் குடு.”

பேருந்துக் குலுக்கலில் எழுத்து கோணியது. அவள் நிறுத்தவில்லை.

“நீயும் வீட்டுக்கு வா. அப்பா டீ குடிக்க உக்காந்ததும் ஆரம்பிக்கேன். நீதான் நடுவர். நான் முடிக்கிற வரைக்கும் அவங்கள குறுக்க பேச விட்றாத.”